வாய்விட்டு வாசித்த ஓலை

பொங்கலுக்கு மறுநாள் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் தம் கோயிலை விட்டுப் புறப்பட்டு, வழிநெடுக மண்டகப்படிகளை ஏற்றுக்கொண்டு, பாலாற்றங்கரையிலுள்ள பழையசீவரத்துச் சிறுகுன்றின்மேல் எழுந்தருளி, பிறகு அவ்வூர் லட்சுமி நரசிம்மரையும் உடன் அழைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து எதிர்க்கரைத் திருமுக்கூடலுக்குச் செல்லும் பாரிவேட்டை உற்சவத்தைப் பார்த்தவர்கள், கூட்டத்தின் இரைச்சலையும் வாத்திய கோஷத்தையும் எளிதில் மறக்கமாட்டார்கள். அத்திமரத்தாலான பழைய மூர்த்தியைத் திருக்குளத்தினுள் எழுந்தருளச் செய்தபின், காஞ்சிக் கருவறையில் பிரதிஷ்டை செய்யப்பெற்ற கல் திருமேனி பழையசீவரத்திலிருந்து சென்றது என்பது ஐதீகம். ஆகவே பெருமாள் ஆண்டுக்கொரு முறை சொந்த ஊருக்கு வந்து போகிறார் என்று சொல்வதில் தவறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த உற்சவத்துக்கு என்னுடன் ஒருவர் வந்திருந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கூட்டம் கலைந்த பின் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குள் சென்று, சுவரில் வெட்டப்பட்டிருக்கும் வீரராஜேந்திர சோழனுடைய சாசனத்தின்மேல் அவருடைய கையை எடுத்து வைத்தேன். வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் அவர் விரல்கள் நெடுநேரம் நடந்தன. கடைசியில், “தம்பி, இது எழுத்தா, இல்லை கல்லு பொரிஞ்சு போயிருக்கா?” என்று கேட்டார். “எழுத்துத்தான் ஐயா, அதிலே ஓர் ஆஸ்பத்திரியே இருக்கிறது” என்றேன். “எனக்கு அதிலே மேடு பள்ளந்தான் இருக்கு” என்று சிரித்தார்.

1069-ஆம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனம், கோயிலைச் சார்ந்து நடந்த வேத பாடசாலையையும், மாணாக்கர் தங்கும் விடுதியையும், வீரசோழன் என்று பெயரிட்ட 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் விவரமாகச் சொல்வது. நாடி பார்க்க ஒரு வைத்தியர், சஸ்திர சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்டிர் இருவர், ஒரு நாவிதர், ஒரு தண்ணீர்க்காரர் என்று ஊழியர்களையும் அவர்கள் ஊதியத்தையும் வரிசைப்படுத்திவிட்டு, ஓராண்டுக்கு இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் ஜாபிதாவையும் அது தருகிறது. அந்த ஜாபிதாவில் சுநேத்ரி என்று ஒரு மருந்து வருகிறது. நல்ல கண் என்பதே அப்பெயரின் பொருள். கண்ணுக்கு மருந்து சொன்ன அந்தக் கல்லையே கண்ணில்லாதவர் வாசிக்க வழியில்லை என்பது அன்று எனக்குக் கொஞ்சம் உறுத்திற்று. ஆனால் இதற்காகச் சோழனை நொந்துகொள்வது நியாயமன்று. சோழர் காலத்தில் ஒரு சாசனம் கண்ணால் மட்டுமே கொள்ளத்தக்க பொருளாக இருந்ததா என்று சற்று ஆராய்ந்து பார்த்தால், விஷயம் வேறுவிதமாகத் தோன்றுகிறது.

திருமுக்கூடலிலிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் கற்களில், முதற் பராந்தகனுடைய 12-ஆம் 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்கு வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். குடும்பு என்னும் 30 ஊர்ப்பகுதிகள், 35 வயதுக்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருத்தல், இறை செலுத்தும் நிலமுடைமை, கணக்குக் காட்டாதவனும் அவனுடைய சுற்றத்தாரும் விலக்கு என்பவையெல்லாம் மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுபவை. மேடைகளில் யாரும் சொல்லாத ஒரு சிறு விதி அதில் உண்டு. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

பெயரெழுதிய ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டு, சபையார் சிறியோர் பெரியோர் அனைவரும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தபின், அதனைச் சபையின் நடுவனான மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதுவரை நடந்தது கண் உள்ளவர்களுக்கான ஏற்பாடு. ஏற்றுக்கொண்ட ஓலையை அவன் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவன் வாசித்தது மட்டும் போதாது, மண்டபத்துள் இருக்கும் நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசிக்க வேண்டும். அப்படி வாசிக்கப்பட்ட பெயரே கொள்ளப்படும். எழுத்தில் இருப்பதனால் மட்டும் ஒரு பெயர் செல்லுபடியாகிவிடவில்லை. பல வாய்களால் உரைக்கப்பட்டு, சபையின் செவியில் விழுந்த பிறகே அது செல்லுபடியாயிற்று. இந்த விதியைச் செய்தவர்கள் பார்வையற்றவர்களை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மோசடியைத் தடுப்பதே அவர்கள் கருத்து. ஆயினும், மண்டபத்தில் கண் தெரியாத கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் அன்றைய முடிவு பக்கத்திலிருப்பவரைக் கேளாமலே தெரிந்திருக்கும்.

அரசர் ஆணையானாலும் ஊர் விழாவானாலும் முரசறைந்து அறிவிப்பது நம் பழைய வழக்கம் என்பதற்கு மணிமேகலையின் தொடக்கமே சாட்சி. அந்த மரபின் கடைசித் தேய்வுதான் கிராமங்களில் தப்படித்துச் சொல்லும் தண்டோரா. அதை அடிப்பவரைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்திய வழக்கமாகவும் அது இருந்தபடியால், 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அதை நிறுத்தச் சொன்னது முற்றிலும் சரியான காரியமே. நான் கவனிப்பது வேறொன்று: ஊருக்குச் சொல்ல வேண்டியதை ஊரின் காதில் போடுவது கடமை என்ற எண்ணம், சீட்டும் நோட்டீஸும் ரிஜிஸ்டரும் வந்த பிறகு மெல்ல மெல்ல மறைந்து, சுவரில் ஒட்டிவிட்டால் சொன்னதாக அர்த்தம் என்ற நிலை வந்துவிட்டது. ஊர்க் கணக்கரான கர்ணம் நிலக் கணக்கான அடங்கலைப் புரட்டி வாசித்துச் சொன்னதை நம்புவது தவிர எழுத்தறியாதவனுக்கும் பார்வையற்றவனுக்கும் வேறு கதி இல்லாமற் போயிற்று.

பார்வையற்றவர் எழுத்தை அடைய முயன்ற கதையில் இந்தப் பாலாற்றுப் பிரதேசத்துக்கே உரிய ஒருவர் உண்டு. செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், 17-ஆம் நூற்றாண்டினர், திருக்கழுக்குன்றப் புராணமும் சந்திரவாணன் கோவையும் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் பாடியவர், ஈழத்துக்குச் சென்று பரராசசேகரனிடம் பரிசு பெற்று மீண்டவர். பிறவியிலேயே கண்ணில்லாத அவருக்கு முதுகின்மேல் எழுதிக்காட்டி எழுத்தறிவித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. காகிதமும் ஓலையும் பயன்படாத இடத்தில் உடம்பையே ஓலையாக்கிக்கொண்ட இந்தச் செய்தியை நான் வெறும் அதிசயமாகக் கொள்வதில்லை. எழுத்து என்பது கண்ணுக்கு உரிய வடிவம் அன்று, எந்தப் புலன் வழியாகவும் உள்ளே செல்லக்கூடிய ஒரு கிரமம் என்பதை அவருக்கு எழுத்தறிவித்த யாரோ ஒருவர் கண்டுகொண்டிருக்கிறார். ஐரோப்பாவில் அதே உண்மை சாஸ்திரமாக உருப்பெற்றது அதற்குப் பின்னர்தான்.

பாரிஸ் நகரில் 1780-களில் பார்வையற்ற சிறுவர்களுக்கெனப் பள்ளி தொடங்கிய வலந்தீன் ஆவி என்பவர், அச்சிட்ட ரோமன் எழுத்துகளையே காகிதத்தில் புடைத்தெழச் செய்து புத்தகங்கள் தயாரித்தார். அவை பார்க்க அழகாயிருந்தன. விரலுக்கோ, நம் ஆசிரியருக்குத் திருமுக்கூடல் கல் இருந்ததைப் போல, மேடும் பள்ளமுமாகவே இருந்தன. கண்ணின் எழுத்தை அப்படியே விரலுக்குத் தள்ளிவிடுவதால் பயனில்லை, விரலுக்கென்று ஓர் எழுத்து வேண்டும் என்று கண்டவர் அதே பள்ளியில் படித்த லூயி பிரெயில். 1829-இல் ஆறு புள்ளிகளாலான தம் முறையை அவர் வெளியிட்டபோது வயது 20. கண்ணுள்ள ஆசிரியர்கள் தங்களால் படிக்க முடியவில்லை என்பதையே குறையாகச் சொல்லி அதை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஏனெனில் இந்தக் குணம் இன்னும் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கல்வி பாளையங்கோட்டையில் வேரூன்றிற்று. 1890-இல் அங்கே ஆஸ்க்வித் அம்மையார் என்னும் மிஷனரி பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அந்நாளில் இந்திய பாஷைகளுக்கு ஒரே பிரெயில் கிடையாது. நோல்ஸ், கார்த்வெய்ட் என்ற இருவர் வகுத்த ஓரியண்டல் பிரெயில் ஒருபுறம், பம்பாயிலும் பிற இடங்களிலும் வெவ்வேறு பேர்கள் வகுத்த முறைகள் ஒருபுறம் என்று மாகாணத்துக்கு ஒரு புள்ளிக் கணக்காக இருந்தது. ஒரு பள்ளியில் படித்தவர் இன்னொரு பள்ளியின் புத்தகத்தைத் தடவினால் அந்நிய பாஷையைத் தொட்டதுபோல இருக்கும். சுதந்திரத்துக்குப் பின் யுனெஸ்கோவின் ஆதரவில் பேச்சு நடந்து, 1951-இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் ஏற்பட்டது. எழுத்துகள் வேறானாலும் ஒலி ஒன்றாயிருந்தால் புள்ளியும் ஒன்று என்ற அந்தத் தீர்மானம், இந்திய மொழிகளை ஒற்றுமைப்படுத்துவதாகச் சொல்லிச் செய்யப்பட்ட பல காரியங்களுள் சச்சரவில்லாமல் நிலைத்த மிகச் சிலவற்றுள் ஒன்று.

அதன் நுட்பத்தை ஒரு சொல்லை வைத்தே காட்டலாம். கண்ணுக்கு எழுதும்போது ‘கெ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. ‘கொ’ என்பதில் ககரத்தைக் கொம்பும் காலும் இருபுறமும் காவல் காக்கின்றன. பிரெயிலில் இந்தச் சுற்றுவழி இல்லை. முதலில் க, பிறகு எ. முதலில் க, பிறகு ஒ. ஒலிக்கிற வரிசையே எழுதுகிற வரிசை. புள்ளி மட்டும் சற்று விசித்திரமாக மெய்க்கு முன்னாலேயே வந்துவிடும். தமிழ் என்ற சொல்லைத் தடவினால் த, ம, இ, புள்ளி, ழ என்று ஐந்து அறைகள் வரும். எழுத்து காதின் கிரமத்தில் நிற்க வேண்டும் என்ற இந்த விதி, அரை நூற்றாண்டு கழித்துக் கணிப்பொறிக் காலத்தில் பெரிய வழக்காக மாறப்போகிறது என்பதை அன்று யார் எண்ணியிருக்க முடியும்?

பிரெயில் புத்தகம் பருமனானது. பள்ளிப் பாடநூல் ஒன்றே பல தொகுதிகளாகிவிடும். ஆகவே கல்லூரி சென்ற பார்வையற்ற மாணவர்கள், வாசித்துக் காட்டும் ரீடர்களை நம்பி, அவர்கள் பேசிப் பதிந்த கேசட்டுகளைச் சுழற்றிச் சுழற்றிக் கேட்டுப் பட்டம் பெற்றார்கள். திருமுக்கூடலுக்கு என்னுடன் வந்த ஆசிரிய நண்பரும் அப்படிப் படித்தவரே. பரீட்சைக்கு முதல்நாள் நாடா டேப் ரெக்கார்டரில் சிக்கிக்கொண்ட கதையை அவர் இன்றும் துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்லுவார்.

கணிப்பொறி வந்தபோது, எழுதியது எதுவும் இனிப் பேசும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆங்கிலத்துக்கு அது பலித்தது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களுள் ஜாஸ் என்பது முன்னதாகவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதன் விலை நம்மவர்க்கு எட்டாதது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை இலவசமாகவே வழங்கத் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பருடன் சேர்ந்து அதை வளர்த்தார். ஈஸ்பீக் என்ற பேச்சுக்கருவி தமிழையும் பேசிற்று. அதன் குரல் தகரத்தில் ஆணி இழுப்பதுபோல் இருந்தாலும், வாரக்கணக்கில் கேட்டுப் பழகியவர்கள் நாம் பின்தொடர முடியாத வேகத்தில் அதை ஓடவிட்டுக் கேட்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியர்கள் ஹேமா மூர்த்தி, ஏ. ஜி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் குழுக்கள் இதைவிட இனிய தமிழ்க் குரல்களுக்காக உழைத்தன.

குரல் தயாராயிற்று, வாசிப்பதற்குத் தமிழ்தான் இல்லை. எவ்வளவோ தமிழ் தட்டச்சாகிக் குவிந்திருந்தும் அதில் பெரும்பகுதி, கணிப்பொறியின் கணக்கில், தமிழே அன்று. 1980-களிலும் 90-களிலும் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள், ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினி என்ற பெயர்பெற்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்த கோப்பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால், அது கூசாமல் “ஜே கே பி ஓ செமிகோலன்” என்று ஓதுகிறது. என் நண்பர் முதன்முதலில் தம் சொந்த மொழியின் பெயரைக் கணிப்பொறியிடமிருந்து கேட்டது இப்படித்தான். இதில் இன்னொரு தொல்லை, பத்திரிகைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று என்று ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்ததே. பாளையங்கோட்டைக்கும் பம்பாய்க்கும் புள்ளிகள் ஒவ்வாதிருந்த 1951-க்கு முந்திய நிலைமை, கண்ணுள்ளவர்கள் உலகத்தில் மறுபடியும் அரங்கேறிற்று.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான யூனிகோடு 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது என்பதையும், அதை நம்மவர்கள் உடனே ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு, தமிழுக்குப் பொதுவான விசைப்பலகையையும், டாம், டாப் என்ற குறியீடுகளையும் பரிந்துரைத்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற வேறொன்றைக் கையாண்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், இலக்கிய நூல்களைத் தன்னார்வலர்களின் கைகளால் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்ததல்லவா, அந்நூல்களே பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டபோது, ஒருவரும் உத்தேசிக்காமலே, பார்வையற்ற தமிழர்களுக்கு முதற்பெரும் நூலகமாக அமைந்தன. படமாக எடுத்து வைக்காமல் எழுத்தாக எழுதி வைத்த ஒரே காரணத்தால் வந்த பயன் இது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமான குறியீடாக ஏற்று ஆணையிட்டது. யூனிகோடு, ‘கெ’ என்பதைக் க முதலாகவும் கொம்பு பிறகாகவும் உள்ளே சேமிப்பது. பிரெயில் கண்ட அதே செவிக் கிரமம். கொம்பை முன்னால் தட்டிப் பழகிய தட்டச்சர்கள் இதைத் தமிழுக்கு விரோதம் என்றே கருதினார்கள். விரலும் செவியும் ஒரு கட்சி, கண் ஒரு கட்சி என்று நடந்த அந்த வாதத்தில், கடைசியில் வென்றது எந்தக் கட்சி என்பது உங்கள் கைப்பேசியே சொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் ஆவணம் பேசிவிட்டதா என்றால், இல்லை. இதைத்தான் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். நண்பருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அதைத் தயாரித்த விதம் எல்லோரும் அறிந்ததே: கணிப்பொறியில் யூனிகோடு தமிழில் குற்றமில்லாமல் தட்டச்சு செய்கிறார்கள், அச்செடுக்கிறார்கள், அதிகாரி கையெழுத்திடுகிறார், அதன்மேல் ரப்பர் முத்திரை விழுகிறது, பிறகு அந்தத் தாளை ஸ்கேனரில் சற்றுக் கோணலாக வைத்துப் படமெடுத்து, பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகிறார்கள். பேசக்கூடியதாகப் பிறந்த எழுத்தை, இத்தனை பேர் பிரயத்தனப்பட்டு, இரண்டு இயந்திரங்களின் உதவியோடு ஊமையாக்குகிறார்கள். நண்பர் அதைத் திறந்தார். திரைவாசிப்பான் கோப்பின் பெயரைச் சொல்லிற்று, பக்கம் ஒன்று என்றது, அதன்பின் பேசவில்லை. “தம்பி, வெறும் தாளையா அனுப்பியிருக்காங்க?” என்று என்னைக் கேட்டார். வெறும் தாள் அன்று, முழுக் கடிதம். அவருடைய ஓய்வூதியத்தைப் பற்றியது. அவருடைய சொந்தக் கணக்கை, பக்கத்து வீட்டுப் பையனையோ என்னையோ கூப்பிட்டு, அந்தரங்கம் என்பதே இல்லாமல், வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கர்ணத்தின் காலத்துக்கே அவர் திரும்பப் போய்விட்டார்.

கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் அமிழச் செய்து, மையொற்றினால், கறுப்புத் தளத்தில் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். அது படம். அதை உட்கார்ந்து எழுத்துக்கூட்டி, பழங்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் இடப்படாத புள்ளிகளை இட்டு, எகர ஏகாரங்களைப் பிரித்துணர்ந்து படியெடுத்தால்தான் அது வாசகம். உத்திரமேரூர்ச் சாசனத்தை வெங்கையா போன்ற அறிஞர்கள் அப்படி வாசகமாக்கித் தந்த பிறகே சரித்திரம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லுக்கு இந்தச் சிரமம் தகும். நேற்று மாலை தட்டச்சு செய்த கடிதத்துக்கும் ஒரு வெங்கையா வேண்டுமென்றால் அது என்ன நியாயம்? இயந்திர எழுத்துணரிகள் இருக்கின்றன, அவை தமிழையும் ஒருவாறு வாசிக்கின்றன என்பது உண்மை. ஆயினும் முத்திரை விழுந்த இடத்தில் தொகையும், கோணலான வரியில் தேதியும் பிழைபடுமானால் ஓய்வூதியக் கடிதத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

ஸ்கேன் செய்யாமல் நேராகவே பி.டி.எஃப். ஆக்கினாலும் தமிழுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. அந்தக் கோப்பு எழுத்தைக் காட்டிலும் எழுத்தின் வடிவத்தையே முதன்மையாகப் போற்றுவது. ஆகையால் பல சமயம் ‘கோயில்’ என்பது உள்ளே ‘ேகாயில்’ என்று கொம்பு தனியே தெறித்து நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் கோயில் கோயிலாகவே இருக்கும். கேட்பவர் காதில் இடறி விழும். தடித்த எழுத்தில் பெரிதாகப் போட்டுவிட்டால் அது தலைப்பாகிவிடாது. தலைப்பு என்று கோப்பினுள் குறித்திருந்தால்தான் கேட்பவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். இல்லையேல் நூறு பக்க அறிக்கையை முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே போக வேண்டும். அட்டவணையில் எந்தக் கட்டம் எந்தத் தலைவரிசைக்கு உரியது என்ற குறிப்பு இல்லாவிட்டால், காதில் வெறும் எண்களின் மழை பொழியும். படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதாவிட்டால் “படம்” என்ற சொல்லோடு சரி. இவை எவற்றுக்கும் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நாள்தோறும் கையாளும் அதே மென்பொருளில், இரண்டொரு விசைகளில் அடங்கிய காரியங்கள்.

சட்டம் இவ்விஷயத்தில் பின்தங்கிவிடவில்லை. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் இடங்கொடுத்தது. அதே நோக்கத்தோடு 2013-இல் மராகேஷ் நகரில் ஏற்பட்ட உலக ஒப்பந்தத்தை, 2014-இல், எல்லா நாடுகளுக்கும் முன்னதாக உறுதிப்படுத்திய நாடு இந்தியா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஆவணங்களையும் விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டிலேயே சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் தொடங்கிற்று. 2022 ஆகஸ்டில், பாரத ஸ்டேட் வங்கி தொடுத்த ஒரு வழக்கின் தீர்ப்பில், உச்சநீதிமன்றம் தன் கீழுள்ள மன்றங்களுக்கு இதையே சொல்லிற்று: தீர்ப்புகளை அச்சிட்டுப் பின் ஸ்கேன் செய்வது வீண் வேலை, காலவிரயம், மின்கையொப்பமிட்ட மூலக் கோப்பாகவே அவற்றை வெளியிட வேண்டும், நீர்க்குறிகளை எழுத்தின்மேல் கண்டபடி போடக்கூடாது. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் அணுகல் விதிகள் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றும், 2025 ஏப்ரலில் டிஜிட்டல் அணுகல் உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கமே என்றும் அது தீர்ப்பளித்தது. மத்தியஸ்தன் ஓலையை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்ற உத்திரமேரூர் விதியை, 11 நூற்றாண்டுகளுக்குப் பின், டெல்லியில் வேறு வார்த்தைகளில் எழுதியிருக்கிறார்கள் என்றே நான் இதைப் படித்தேன். ஒரு வித்தியாசம்: உத்திரமேரூரில் வாசிக்கப்படாத ஓலை செல்லாது, நம் காலத்தில் வாசிக்கவொண்ணாத கோப்பும் செல்லுபடியாகிறது.

திருமுக்கூடல் சாசனத்தின் மருந்து ஜாபிதாவை, அச்சுப் புத்தகத்தைப் பார்த்து யூனிகோடில் தட்டச்சு செய்து, உற்சவம் பார்த்துத் திரும்பிய அன்றிரவே நண்பருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை போன் செய்தார். ஜாபிதா முழுவதையும் கேட்டுவிட்டாராம், இரண்டு இடங்களில் நான் ஒற்று விட்டிருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு, “அந்த சுநேத்ரியை எதுலே அரைச்சுப் போடுவாங்கன்னு எழுதலையே தம்பி?” என்று கேட்டார். கல்லிலும் அது இல்லை ஐயா என்றேன்.

அலுவலகங்களில் கடிதம் தட்டச்சு செய்யும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கையெழுத்தும் முத்திரையும் விழுந்த படத்தை அனுப்பவேண்டிய நிர்ப்பந்தம் உங்களுக்கு இருக்கலாம், அனுப்புங்கள். அதனோடு, நீங்கள் முதலில் தட்டச்சு செய்த அந்த மூலக் கோப்பையும் சேர்த்து இணைத்துவிடுங்கள்.